அண்டை வீட்டுத் தண்ணீர்

ஒரு குழாய் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 5 டாலர். வீட்டில் குளியல் தொட்டி இருந்தால் கூடுதலாக 2 டாலர். மாடு வைத்திருப்பவர் மாடு ஒன்றுக்கு 1 டாலர் கட்ட வேண்டும். ஒரு குழாய், ஒரு பார், ஒரு பில்லியர்ட்ஸ் மேசை உள்ள மதுக்கடைக்கு 7 டாலர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்ற சிறு நகரத்தில் 1898-இல் நடப்பிலிருந்த குடிநீர்க் கட்டணப் பட்டியல் இது. பில்லியர்ட்ஸ் மேசை தண்ணீர் குடிக்காது. அதைச் சுற்றி நின்று ஆடுபவர்கள் குடிப்பார்கள், கை கழுவுவார்கள் என்பது நகராட்சியின் கணக்காக இருந்திருக்கும்.

கட்டணத்தோடு தண்டனையும் வைத்திருந்தார்கள். பணம் கட்டாதவருக்கு 50 டாலர் அபராதம், மாவட்டச் சிறையில் 90 நாள். இதே தண்டனை இன்னொருவருக்கும் உண்டு. அவர் பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்.

பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்குவது குற்றமா? தேவாலயங்களுக்குக் குறைவில்லாத ஊர் அது. ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் கொடுத்தாலும் அதற்கு விண்ணுலகில் கணக்கு உண்டு என்று மத்தேயு நற்செய்தியைப் படித்து வளர்ந்தவர்களின் ஊர். ஞாயிற்றுக்கிழமை புண்ணியம் என்று கேட்ட அதே செயல் திங்கட்கிழமை நகராட்சி விதியில் சிறைக்கு வழியாகிறது. இது வெறும் நிர்வாகக் கெடுபிடிதானா, இல்லை தண்ணீர் பற்றிய மனிதனின் நம்பிக்கைகளில் ஆழமாக ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டதா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ரோமாபுரி, திங்களூர், மகாட் என்று பல ஊர்கள் குறுக்கே வருகின்றன.

முதலில் அந்த ஊரின் தண்ணீர்க் கோபுரம்.

ஹூரான் ஆற்றங்கரை ஊரான இப்சிலான்டியின் மிக உயரமான மேட்டில் 1890-இல் கட்டி முடித்த தண்ணீர்க் கோபுரம் இன்றும் நிற்கிறது. உயரம் 147 அடி. வில்லியம் கோட்ஸ் என்பவர் வரைந்த வடிவம். ஜோலியெட் சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய சுவர் அடியில் 40 அங்குலம் தடிமன், மேலே போகப் போக 24 அங்குலமாகக் குறுகுகிறது. உச்சியில் இரண்டரை லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் லிட்டர் கொள்ளும் எஃகுத் தொட்டி. செலவு 21,435 டாலர் 63 சென்ட். 1956 வரை ஊருக்கு இருந்த ஒரே தண்ணீர்க் கோபுரம் இதுதான். அமெரிக்க நீர்த்துறைச் சங்கம் 1975-இல் இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 2003-இல் ‘கேபினெட்’ என்ற இதழ் குறும்பாக ஒரு போட்டி வைத்து, ஆண்குறியை உலகிலேயே அதிகம் நினைவூட்டும் கட்டடம் என்ற பட்டத்தையும் இதற்கே கொடுத்தது. ஊர்க்காரர்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள்.

கட்டியவர்கள் தினக்கூலிகள். அடிபடாமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் சுவரில் மூன்று கற்சிலுவைகளைப் பதித்தார்கள். மேற்கு வாசலுக்கு மேலே ஒன்றை இன்றும் பார்க்கலாம். சாரத்தில் ஏறிக் கல் வைப்பவனுக்கு உயிர்ப் பயம் இருந்தது, அதற்குச் சிலுவை தேவைப்பட்டது. தொட்டிக்குள் நிரம்பப்போகும் தண்ணீருக்கு யாரும் எந்த வேண்டுதலும் வைக்கவில்லை. அதற்குத்தான் பொறியியல் இருக்கிறதே. கடவுளைப் பற்றிய கேள்வியை இந்தக் கோபுரம் எழுப்பியது அதன் கல்லில் அல்ல, கட்டணப் பட்டியலில்.

தண்ணீரை ஏன் அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும்? பத்து மீட்டர் ஏற்றினால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். பம்பு ஓய்வெடுக்கும் நேரத்திலும் ஊரின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பீறிட அந்த அழுத்தம் வேண்டும். மர வீடுகள் நெருங்கிய அக்கால அமெரிக்க ஊர்களில் தீயணைக்கவும் அது வேண்டும். கீழே இருக்கும் தண்ணீர் இயற்கையின் சொத்து என்று வைத்துக்கொண்டாலும், 147 அடிக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றிய தண்ணீரில் நிலக்கரி இருக்கிறது, இரும்பு இருக்கிறது, கொத்தனாரின் வியர்வை இருக்கிறது, ஊர் வாங்கிய கடனும் இருக்கிறது.

இங்கேதான் பழைய தத்துவம் தடுமாறுகிறது.

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1689-இல் வெளியான தம் அரசியல் நூலில் சொத்துரிமைக்குத் தண்ணீரை எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஊற்றில் ஓடும் நீர் எல்லாருக்கும் பொது. ஒருவன் குடத்தில் மொண்டுவிட்டால் குடத்து நீர் அவனுடையது, ஏனென்றால் அதில் அவன் உழைப்பு கலந்துவிட்டது. அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார்: மற்றவருக்குப் போதுமான அளவும் நல்லதுமாக மிச்சம் இருக்க வேண்டும். ஆற்றில் ஒருவன் வயிறு முட்டக் குடித்தாலும் அடுத்தவனுக்கு முழு ஆறும் இருக்கிறது என்பதால் யாருக்கும் நட்டமில்லை என்றார்.

லாக்குக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதே வரிசையில், இன்னும் நுணுக்கமாக யோசித்திருந்தார்கள். தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் வரும் கருத்து. அதன் மேல் அவர்கள் வகை பிரித்தார்கள். பேராறுகளின் நீர் யாவருக்கும் பொது. ஒருவர் தோண்டிய கிணற்றில் அவருக்கே முதலுரிமை, ஆனால் மிஞ்சும் நீரைத் தாகத்தோடு வருபவருக்கு மறுக்கக் கூடாது. பாத்திரத்தில் பிடித்து வைத்த நீர் சொந்தம், அதை விற்கலாம். தாகத்துக்கு என்றே ஓர் உரிமையை அவர்கள் தனியாக வைத்தார்கள். மனிதனும் கால்நடையும் குடித்த பிறகுதான் பயிருக்கு. ஹனஃபி மரபின் சட்ட நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. தாகத்தால் சாகும் நிலையில் இருப்பவனுக்குக் கிணற்றுக்காரன் தண்ணீர் மறுத்தால் அவன் ஆயுதம் எடுத்தும் போராடலாம். மறுக்கப்பட்டது பாத்திரத்து நீர் என்றால் ஆயுதமில்லாமல் போராட வேண்டும். ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. சொந்தச் சொத்தான பாத்திரத்து நீரிலும் தாகம் உரிமை கோரலாம். சொத்துரிமைக்குக் கிடைத்த மரியாதை எல்லாம், கத்தி உறைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான்.

லாக்கிடமும் சட்ட அறிஞர்களிடமும் இப்சிலான்டிக் கோபுரத்தைக் காட்டினால் என்ன சொல்லியிருப்பார்கள்? அது ஆறா, கிணறா, குடமா? ஊரே சேர்ந்து மொண்டு வைத்த குடம் என்றால் அது ஊரார் எல்லாருடைய சொத்து. அதில் தாகித்தவனின் பங்கு யார் கையில் இருக்கிறது? ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் வருவது ஊரின் நீர். அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பவர் தம்முடையதைக் கொடுக்கிறாரா, ஊருடையதைக் கொடுக்கிறாரா?

நகராட்சியின் கோபத்துக்கு நியாயம் கற்பிப்பதும் கடினமில்லை. 1898-ஆம் ஆண்டின் அந்தப் பட்டியல் தண்ணீரை அளக்கவில்லை, குழாய்களை எண்ணியது. 5 டாலர் கட்டிய வீடு எவ்வளவு பிடித்தாலும் 5 டாலர்தான். அந்த வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் இருக்கும் நண்பருக்குத் தினமும் பத்து வாளி கொடுத்தால் அவர் பையிலிருந்து ஒரு சென்ட்டும் போவதில்லை. பம்பு ஓட்டும் செலவு ஏறும், அடுத்த ஆண்டு எல்லாருக்கும் கட்டணம் கூடும். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்வது இப்படிப்பட்ட தாராளத்தைத்தான். கொடுப்பவருக்குப் புண்ணியம், செலவு ஊருக்கு.

மீட்டர் வந்ததும் கதை மாறியது. தண்ணீரைச் சரக்காக்கிவிட்டது என்று மீட்டரைத் திட்டுவது வழக்கம். ஆனால் ஒவ்வொரு வாளிக்கும் கணக்கு விழும் வீட்டில், அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் வாளிக்கு உரியவர் தெளிவாகத் தெரிகிறார். பணம் அவருடையது, ஆகவே கொடையும் அவருடையது. அளந்து விலை வைத்த பிறகுதான் தண்ணீர் மறுபடியும் தானம் செய்யக்கூடிய பொருளானது என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். தனக்கு உரியதைத்தான் தானம் செய்ய முடியும் என்று தர்மசாத்திரங்களும் சொல்கின்றன.

விலை வந்ததால் தர்மம் போயிற்று என்று ஏங்குவோருக்கு இலவசத் தண்ணீரின் வரலாற்றையும் காட்ட வேண்டும்.

தமிழ் மரபில் தண்ணீர்ப்பந்தல் பெரிய அறம். திங்களூரில் அப்பூதி அடிகள் தாம் நேரில் காணாத திருநாவுக்கரசரின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு மட்டுமின்றித் தண்ணீர்ப்பந்தலுக்கும் வைத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. தண்ணீர்ப்பந்தல் நடத்த நிலம் விட்ட செய்தியைக் கோயில் கல்வெட்டுகள் பதிவு செய்திருக்கின்றன. வைதிக மரபு குளம் வெட்டுவதையும் கிணறு தோண்டுவதையும் ‘பூர்த்தம்’ என்று வேள்விக்குப் பக்கத்தில் வைத்தது. சீக்கிய மரபிலோ பாய் கன்னையாவின் கதை உண்டு. ஆனந்த்பூர் போரில் காயம்பட்டுக் கிடந்த எதிரிப் படையினருக்கும் தண்ணீர் கொடுத்தார் என்று அவர்மேல் புகார் வந்தது. குரு கோவிந்த் சிங் விசாரித்தபோது, விழுந்து கிடந்த எல்லார் முகத்திலும் குருவின் முகத்தையே கண்டேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். குரு அவரைத் தண்டிக்கவில்லை. காயத்துக்குப் போட மருந்தையும் கையில் கொடுத்தனுப்பினார்.

இவை மரபின் உச்சங்கள். அதே மரபுகள் வளர்ந்த நிலத்தில்தான் மகாட் நகரமும் இருக்கிறது.

மகாராட்டிரத்தின் கொங்கண் பகுதியில் உள்ள அந்தச் சிறு நகரத்தில் சவ்தார் குளம் இருந்தது. குடிநீருக்கு யாரும் விலை கொடுக்க வேண்டியதில்லை. பிற மதத்தவர் மொண்டார்கள், கால்நடைகள் குடித்தன, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் மட்டும் தொடக் கூடாது. பொது நீர்நிலைகளை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. காகிதத்தில் திறந்த குளம் கரையில் மூடியே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போனவர்கள் அந்த நீரை அள்ளிக் குடித்தார்கள். அதன் பிறகு அவர்கள்மேல் தாக்குதல் நடந்தது. பிறகு சாதி இந்துக்கள் பசுவின் பால், தயிர், சாணம், கோமியம் கலந்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டி மந்திரம் சொல்லித் ‘தூய்மை’ செய்தார்கள். வழக்கு பத்தாண்டுகள் இழுத்து 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. தீண்டப்படாதோரை விலக்கும் தொன்றுதொட்ட வழக்கம் இருந்ததாக மேல்சாதியார் நிரூபிக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது.

விலையில்லாத குளத்துக்கு வேறு வாசற்காவல் இருந்தது. இப்சிலான்டியின் பட்டியல் மாட்டை எண்ணியது, குளியல் தொட்டியை எண்ணியது, பில்லியர்ட்ஸ் மேசையைக்கூட விடவில்லை. வருபவரின் பிறப்பைக் கேட்கும் வரி அந்தக் கட்டண விகிதங்களில் இல்லை. 5 டாலர் என்பது ஒரு தடை. அதே நேரத்தில் அது ஒரு நுழைவுச்சீட்டு. தானமாக வரும் தண்ணீர் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது, கட்டணம் கட்டிப் பெறும் தண்ணீரை உரிமையோடு கேட்கலாம். அம்பேத்கர் மகாட்டில் கேட்டதும் இரக்கம் அல்ல. நகராட்சி ஆவணத்தில் இருந்த உரிமையைத்தான் அவர் கேட்டார்.

ஆனால் 5 டாலர் இல்லாதவரின் கதை என்ன? கட்டணத்தை ஏற்றுக்கொண்டவர்களும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது. பழைய உலகம் அதற்குக் குழாயிலேயே ஒரு பதிலை வைத்திருந்தது.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், நகரச் சுவரருகே கால்வாய் நீர் வந்து சேரும் இடத்தில் மூன்று பகுதிகளாகத் தொட்டி கட்டச் சொன்னார். ஒன்று பொது நீரூற்றுகளுக்கு, ஒன்று பொதுக் குளியலிடங்களுக்கு, ஒன்று தனி வீடுகளுக்கு. மற்ற இரண்டிலும் பொங்கி வழிவது பொது நீரூற்றின் தொட்டியில் போய் விழும். வீட்டுக்குக் குழாய் வாங்கியவர் ஆண்டுதோறும் வரி கட்டுவார், அந்த வரியில் கால்வாய் பராமரிப்பு நடக்கும். தெருவில் குடம் ஏந்தியவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. கி.பி. 97-இல் ரோமின் நீர்த்துறைக்குத் தலைவரான ஃப்ரன்டைனஸ் எழுதிய நூலைப் பார்த்தால், முற்காலத்தில் தனியாருக்கு வழிந்தோடும் மிச்ச நீர்தான் விற்கப்பட்டது என்றும் அதுவும் குளியலிடங்களுக்கும் சலவைத் தொழிலுக்கும்தான் போனது என்றும் தெரிகிறது. நீர்த்துறை ஊழியர்களே கையூட்டு வாங்கிக்கொண்டு குழாயில் திருட்டுத் துளை போட்டதையும் அவர் எரிச்சலோடு பதிவு செய்கிறார். திருட்டு அன்றும் இருந்தது. ஆனால் எது முதலில், எது பிறகு என்ற வரிசை கல்லிலேயே கட்டப்பட்டிருந்தது. தாகம் முதலில், சுகம் பிறகு. சுகத்துக்குத்தான் காசு.

இப்சிலான்டியின் பட்டியலில் அந்த வரிசையின் நிழல் இருக்கிறது. குளியல் தொட்டிக்குத் தனியாக 2 டாலர் என்பது, குடிக்கும் நீர் வேறு, ஊறிக் கிடக்கும் நீர் வேறு என்று யாரோ யோசித்ததன் அடையாளம். ஆனால் கோபுரத்தின் உச்சியில் இருந்தது ஒற்றைத் தொட்டி. அதில் தாகத்தின் பங்கு, குளியலின் பங்கு என்ற தடுப்பு எதுவும் கிடையாது.

இந்த வரிசையைப் பற்றி மிகக் கூர்மையாக விவாதித்தவர்கள் யூத ரபிகள். அவர்களின் சட்ட விவாத நூலான தால்முத்தில் ஒரு ஊர், அதற்கு ஒரு ஊற்று. தண்ணீர் எல்லாருக்கும் போதாது. ஊராரின் உயிரும் அயலாரின் உயிரும் தராசில் நின்றால் ஊரார் உயிர் முந்தும். கால்நடைக்குக் கால்நடை என்றாலும் ஊராருடையது முந்தும், சலவைக்குச் சலவை என்றாலும் அப்படியே. இதுவரை சண்டை இல்லை. ஊராரின் சலவையும் அயலாரின் உயிரும் எதிரெதிரே நின்றால்? அயலாரின் உயிரே முந்தும் என்றது பெரும்பான்மை. நம் துணி அழுக்காக இருக்கலாம், அவர்கள் சாகக் கூடாது.

ரபி யோசே மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊராரின் சலவைதான் முந்தும் என்றார். கேட்கவே கொடூரமாக இருக்கிறது. அவர் சார்பில் தால்முத் தரும் விளக்கம், அழுக்குத் துணி வெறும் அசௌகரியம் அல்ல, மனநோயைக் கொண்டுவரும் என்பது. அவர் கண்ணில் சலவையும் உயிரின் ஒரு பகுதி. நாள்பட்டு மெல்லக் கொல்வதையும் அவர் சாவின் கணக்கில் சேர்த்தார். ரபி யோசேயின் கருத்து நூற்றாண்டுகளாக ஒரு புதிராகவே கிடந்தது. அதற்கு உரை எழுதியதுபோல ஒரு நிகழ்ச்சி 2020-இல் மிச்சிகனிலேயே நடந்தது. அதற்கு முன் 2014 இருக்கிறது.

டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. அடுத்த ஆண்டு அதன் நீர்த்துறை, 150 டாலருக்கு மேல் பாக்கி அல்லது 60 நாள் தாமதம் உள்ள வீடுகளின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான வீடுகள் வறண்டன. வேலியின் மேல் ரப்பர்க் குழாய் போட்டு அண்டை வீடுகள் தண்ணீர் கொடுத்தன. இப்சிலான்டி 1898-இல் குற்றம் என்று எழுதிய அதே செயல், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார்ப் பயணத்தில் உள்ள நகரத்தில் நடந்தது. பணம் கட்ட இயலாதவரின் நீரைத் துண்டிப்பது மனித உரிமை மீறல் என்று ஐ.நா. வல்லுநர்கள் ஜூனில் அறிக்கை விட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் 2010 ஜூலை 28 அன்று குடிநீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 122 வாக்குகளோடு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. எதிர்த்தவர் யாருமில்லை, 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அமெரிக்கா அந்த 41-இல் ஒன்று. 2014 செப்டம்பரில் திவால் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ், துண்டிப்பை நிறுத்திவைக்க மறுத்தார். இலவசத் தண்ணீருக்கோ கட்டுப்படியாகும் விலையில் தண்ணீருக்கோ சட்டத்தால் நிலைநாட்டக்கூடிய உரிமை எதுவும் இல்லை என்றார்.

அதே ஆண்டு ஏப்ரலில், அதே மாநிலத்தில் ஃபிளின்ட் நகரம் செலவைக் குறைக்க டெட்ராய்ட் நீரை விட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் கரைந்து குடிநீரில் கலந்தது. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆலையில் உதிரிப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்த நீரை நிறுத்திக்கொண்டது. மக்களுக்கு அது மேலும் ஓராண்டு வந்துகொண்டிருந்தது, கட்டண ரசீதும் கூடவே வந்துகொண்டிருந்தது. குழந்தையின் உடலுக்கு முன்பே என்ஜினின் இரும்புக்கு நியாயம் கிடைத்த ஊர் அது.

மாநிலத்தின் இன்னொரு பக்கத்தில் நெஸ்லே நிறுவனம் நிலத்தடி நீரை இறைத்துப் புட்டியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தது. அரசுக்கு அது கட்டியது ஆண்டுக்கு 200 டாலர் நிர்வாகக் கட்டணம். எவார்ட் ஊருக்கு அருகில் உள்ள ஒரு கிணற்றில் நிமிடத்துக்கு 400 கேலன் வரை இறைக்க 2018-இல் அனுமதியும் கிடைத்தது. எல்லாம் மாநிலத்தின் அனுமதியோடுதான் நடந்தது. நிலத்துக்கு அடியில் இருக்கும் நீருக்கு விலையில்லை, மொண்டவனுக்கு அது சொந்தம் என்பதில் லாக் சொன்னதன் சாயல் இருக்கிறது. அவர் சேர்த்த நிபந்தனையை மட்டும் யாரும் உரக்கப் படிக்கவில்லை.

ஆக, ‘தண்ணீருக்கு விலை வைக்கலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் எதுவும் பிடிபடாது. மரபுகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் விலையை ஏற்றிருக்கின்றன. குடத்துக்கு, சுமப்பதற்கு, வீட்டு வாசல்வரை கொண்டுவருவதற்கு, தொட்டியில் ஊறிக் குளிப்பதற்கு விலை உண்டு. கட்ட முடியாதவனிடம் குழாயை மூடலாமா என்ற இடத்தில்தான் அவை நின்று தலையசைத்து மறுக்கின்றன. போப் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலும், தூய குடிநீர் அடிப்படை மனித உரிமை, ஏனெனில் மற்ற உரிமைகளை அனுபவிக்க உயிர் இருக்க வேண்டும் என்ற தடத்திலேயே வாதிடுகிறது. உழைப்புக்குக் கூலி கேட்பது ஒன்று. தாகத்தைப் பிணையாக வைத்துக் கடன் வசூலிப்பது வேறு. துண்டிப்பு என்பது இரண்டாவது வகை.

பிறகு 2020 மார்ச் வந்தது, கொரோனா தொற்றும் வந்தது. கையைக் கழுவுங்கள் என்று உலகமே சொன்னது. தண்ணீர் துண்டிக்கப்பட்ட வீட்டில் எதைக் கொண்டு கழுவுவது? மார்ச் 28 அன்று மிச்சிகன் ஆளுநர் கிரெட்சன் விட்மர் துண்டித்த வீடுகளுக்கெல்லாம் தண்ணீரைத் திரும்பக் கொடுக்க ஆணையிட்டார். பல ஆண்டு வாதங்கள், ஐ.நா. அறிக்கைகள், நீதிமன்ற வழக்குகள் சாதிக்காததை ஒரு தொற்று சில வாரங்களில் சாதித்தது. இரக்கம் திடீரென்று பெருகிவிடவில்லை. கழுவாத கை ஒரு வீட்டோடு நிற்காது என்பது எல்லாருக்கும் புரிந்தது. கழுவுவதும் துவைப்பதும் உயிரின் கணக்கில் வரும் என்று ரபி யோசே சொன்னது அதுதான். பெரும்பான்மை ரபிகள் சொன்னதும் பிழையில்லை. அவர்கள் ‘அயலார்’ என்று வைத்த எல்லைதான் கிருமியின் முன் நிற்கவில்லை.

தொற்றின் அச்சம் குறைந்ததும் பழைய கணக்கு திரும்பியது, முழுதாக இல்லாவிட்டாலும். டெட்ராய்ட் 2022-இல் ஏழைகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மிகக் குறைந்த வருமானம் உள்ள வீட்டுக்கு அப்போது மாதம் 18 டாலர், அதற்குள் 4,500 கேலன், ஏறத்தாழ 17,000 லிட்டர். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 140 லிட்டர் வரும் என்பதால் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்கப் போதும். விட்ருவியஸின் தொட்டித் தடுப்பைக் கட்டணச் சீட்டில் போட்டதுபோன்ற ஏற்பாடு இது.

இதை மாநிலம் முழுக்க விரிக்க 2023-இல் சட்டமன்றத்தில் மசோதாக்கள் வைக்கப்பட்டன. மாநிலத்தின் ஒவ்வொரு குடிநீர் மீட்டரும் மாதம் 2 டாலர் கூடுதலாகக் கட்டி ஒரு நிதி சேர்க்க வேண்டும், கட்ட முடியாதவர்களின் கட்டணத்துக்கு அது ஈடு கொடுக்கும் என்பது யோசனை. தானத்தைக் கட்டாயமாக்கினால் அது தானமா, வரியா என்று மதநோக்கில் கேட்பவர்கள் கேட்கலாம். இஸ்லாத்தின் ஜகாத்தும் கட்டாயம்தான், யூதர்களின் தர்மநிதியும் ஊர்க் கடமைதான் என்று பதிலும் சொல்லலாம். இன்னும் கடினமான கேள்வி தால்முத்து ஊற்றின் கேள்வி: ஒரு சிற்றூர், தன் பழைய குழாய்களை மாற்றவே பணமில்லாதபோது, வேறு ஊரின் பாக்கிக்கு ஏன் பங்கு போட வேண்டும்? தன் ஊர் முந்தும் என்று ரபிகளே சொல்லியிருக்கிறார்கள் அல்லவா?

அந்த விதி ஓர் ஊருக்கு ஓர் ஊற்று என்ற காலத்தது. இப்சிலான்டியின் குழாய்களில் இன்று வரும் நீர், டெட்ராய்ட் திவாலின் வழியாக உருவான பெரிய ஏரிகள் நீர் ஆணையத்திடமிருந்து மொத்தமாக வாங்கியது. ஹூரான் ஏரியிலும் டெட்ராய்ட் ஆற்றிலும் எடுக்கும் அந்த நீரை மிச்சிகன் மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் குடிக்கிறார்கள். அந்த ஊற்றின் கரையில் நின்று இவர் ஊரார், அவர் அயலார் என்று பிரிக்க வேண்டுமானால் கோட்டை எங்கே போடுவது என்பதைச் சட்டமன்றம்தான் சொல்ல வேண்டும்.